பயிற்சி முடிந்த மறுநாள் பக்கத்தில் யார்? டெல்லியிலிருந்து நெடுங்கால வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கு மூன்று வழிகள்

ஆர்.கே.புரத்திலோ மயூர் விகாரிலோ தங்கி நர்சிங், சமூகப் பணி, இன்ஜினியரிங் என்று ஏதாவது ஒரு படிப்பை முடித்தவர் வெளிநாட்டில் ஓராண்டு, ஈராண்டு தன்னார்வப் பணிக்குப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி "எந்த நாடு?" அடுத்தது "கையில் எவ்வளவு வரும்?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் போனவர்கள் பாதியில் திரும்பி வருவதற்கான காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்து, வேலையிடத்தில் தனியாக விடப்படும் முதல் மூன்று மாதங்கள் ஆளை உடைத்துவிடும். என்ன வேலை என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, பேச்சு புரிவதில்லை, மாலையில் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இல்லை. அதனால் இங்கே மூன்று வழிகளை நாட்டை வைத்தோ பணத்தை வைத்தோ ஒப்பிடவில்லை. பயிற்சி எவ்வளவு, அதை யார் தருகிறார்கள், அது முடிந்த மறுநாள் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை வைத்தே ஒப்பிடுகிறோம்.

முதலில், திறக்காத கதவுகளைச் சொல்லிவிடுவோம். 1961-இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. ஜப்பான் 1965-இல் தொடங்கிய வெளிநாட்டுத் தன்னார்வத் திட்டமும் ஜப்பானியர்களுக்கு மட்டும்தான். டெல்லியில் வசிக்கும், அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் முன்னதற்கு விண்ணப்பிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் முடியாது. இருந்தாலும் பீஸ் கோரின் அமைப்பைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அதுவே நல்ல அளவுகோல். போகும் நாட்டிலேயே சுமார் மூன்று மாதப் பயிற்சி. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, தினமும் சில மணி நேரம் அந்த ஊர் மொழி. முடிவில் மொழித் தேர்வு, உறுதிமொழி ஏற்பு, பிறகு 24 மாதப் பணி. மொத்தம் 27 மாதம். வேலையைவிட மொழிக்கும் வீட்டுக்கும் அத்தனை வாரங்களை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நமக்குக் கிடைக்கும் மூன்று வழிகளிலும் அந்த மூன்று மாதம் இல்லை. அதை நாமேதான் ஈடுகட்டிக்கொள்ள வேண்டும்.

நமக்குத் திறந்திருப்பவை: ஜெர்மனியின் கூட்டாட்சித் தன்னார்வச் சேவையான பி.எஃப்.டி., எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பான எம்.எஸ்.எஃப்., ஐ.நா. தன்னார்வலர் திட்டமான யூ.என்.வி.

ஜெர்மனி: அனுபவம் வேண்டாம், மொழி வேண்டும்

ஜெர்மனியில் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்ட 2011-இல், அதற்கு மாற்றாக இருந்த குடிமைச் சேவையின் இடத்தில் வந்தது பி.எஃப்.டி. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், மருத்துவமனை, மழலையர் பள்ளி, சுற்றுச்சூழல் மையம் போன்ற இடங்களில் வேலை. காலம் 6 முதல் 18 மாதம், வழக்கம் 12. மேல் வயது வரம்பு இல்லை. இதன் இரட்டைப் பிறவி போன்ற, 'தன்னார்வச் சமூக ஆண்டு' எனப்படும் எஃப்.எஸ்.ஜே. 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கிய வெல்ட்வெர்ட்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்திலும் ஒரு வழி உண்டு. அதில் இந்தியாவில் உள்ள கூட்டாளி அமைப்பு உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். தானாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது.

பயிற்சியைப் பொறுத்தவரை பி.எஃப்.டி.யின் பலம் அதன் பரவல். 27 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 12 மாதச் சேவையில் 25 நாள் கருத்தரங்குகள் கட்டாயம். எல்லாம் முதலிலேயே முடிந்துவிடாது; ஆண்டு முழுக்கப் பிரித்துவைத்திருப்பார்கள். பணிக்கு வந்த சில வாரங்களில் ஒன்று, பிறகு சில மாதங்களுக்கு ஒன்று. அங்கே உங்களைப் போலவே திணறும் பத்து இருபது பேரைச் சந்திக்கலாம். வேலையிடத்தில் சரிவராவிட்டால் கேட்க ஒரு கருத்தரங்கப் பொறுப்பாளர் இருப்பார். அவர் உங்கள் மேலதிகாரி அல்ல என்பதே பெரிய ஆறுதல். மூன்று வழிகளில் பயிற்சிக்குப் பின் தனியாக விடாத வழி இதுதான். முதல்முறை வெளிநாடு போகும் 22 வயதுக்காரருக்கு இதையே முதலில் சொல்வோம்.

பணம் கைச்செலவுத் தொகை மட்டும். சட்டப்படியான உச்ச வரம்பு 2025-இல் மாதம் 644 யூரோ. அந்த உச்சத்தை எல்லா இடமும் தருவதில்லை. தங்குமிடமும் சாப்பாடும் தருகிற இடங்களில் கைக்கு வருவது அதைவிடக் குறையும். மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியப் பங்களிப்பையும் நிறுவனமே கட்டும். ஒப்பந்தத்தில் தங்குமிடம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "உதவி செய்வோம்" என்று மட்டும் மின்னஞ்சல் வந்தால் போதாது. ஜெர்மன் நகரங்களில் கைச்செலவுத் தொகையை வைத்துக்கொண்டு வாடகை அறை பிடிப்பது நடக்காத காரியம். பிழைப்புக்கு வழி இருக்கிறதா என்று விசா அதிகாரியும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார்.

எங்கே தவறுகிறது? மொழியில். பல இடங்கள் ஏ2 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழோடு எடுத்துக்கொள்ளும். ஆனால் ஏ2 என்பது கடையில் பால் வாங்கவும் வழி கேட்கவும் போதுமான மொழி. ஞாபக மறதி உள்ள 85 வயதுப் பாட்டி, பல் செட் இல்லாமல், வட்டார வழக்கில் சொல்வதைப் புரிந்துகொள்ள அது போதாது. முதியோர் இல்லம் என்றால் அடுத்த படியான பி1 வரை டெல்லியிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கஸ்தூர்பா காந்தி சாலையில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வு இடங்கள் வேகமாக நிரம்பும். எனவே வகுப்பு முடிந்த பிறகு தேர்வுத் தேதி தேடாமல், வகுப்பு தொடங்கும்போதே பதிந்துவிடுங்கள்.

இன்னொரு தவறு, முகவர்கள். இந்தச் சேவையில் சேரக் கட்டணம் எதுவும் கிடையாது. விசாக் கட்டணம் 75 யூரோ, மொழி வகுப்பு, தேர்வு, விமான டிக்கெட், இவைதான் உண்மையான செலவு. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். நேரடியாக விண்ணப்பிக்க வேண்டிய இடம் வேலை தரும் நிறுவனமோ அதன் பொறுப்பு அமைப்போதான். பி.எஃப்.டி. என்றால் ஒப்பந்தத்தில் ஜெர்மன் கூட்டாட்சி அலுவலகமும் ஒரு தரப்பாக இருக்கும். அந்தத் தரப்பு இல்லாமல் "பி.எஃப்.டி. ஒப்பந்தம்" என்று ஒரு தாள் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

எம்.எஸ்.எஃப்.: வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும்

1971 டிசம்பரில் பாரிஸில் தொடங்கி, 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற இந்த அமைப்புக்கு டெல்லியில் அலுவலகம் உண்டு. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள். மருத்துவர், நர்ஸ், மகப்பேறு செவிலி, மருந்தாளுநர், ஆய்வக வல்லுநர் மட்டுமில்லை. தண்ணீர், கழிப்பிடம், ஜெனரேட்டர், வாகனம் பார்க்கும் லாஜிஸ்டிக்ஸ் ஆட்களும், நிதி, மனிதவளம் பார்ப்பவர்களும் தேவை. சொல்லப்போனால் இது சம்பளப் பணி. விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் சம்பளம் டெல்லித் தனியார் மருத்துவமனை மூத்த மருத்துவரின் வருமானத்தோடு போட்டி போடாது. அந்த உணர்வோடுதான் போக வேண்டும்.

இங்கே படிப்பு முடிந்த கையோடு போக முடியாது. குறைந்தது இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவம் கேட்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. புறப்படும் முன் தரும் பயிற்சி நாள் கணக்கில்தான் இருக்கும். அது அமைப்பின் நெறிமுறைகள், பாதுகாப்பு விதிகள், அங்குள்ள வேலைமுறையைச் சொல்லித்தரும். நர்ஸ் வேலையைச் சொல்லித்தராது. போன மறுவாரமே நீங்கள் பத்து இருபது உள்ளூர் நர்ஸ்களுக்குப் பொறுப்பாளராக நிற்கலாம். டெல்லி வார்டில் ஊசி போட்ட கை அங்கே பணிப் பட்டியல் போட வேண்டும், மருந்து இருப்பைக் கணக்குப் பார்க்க வேண்டும், தன்னைவிட வயதில் மூத்தவரைத் திருத்த வேண்டும். இதற்குத் தயாராக ஒரு வழி: விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதமாவது வார்டு இன்சார்ஜ் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். இரவுப் பணியில் என்றாலும் பரவாயில்லை.

இந்த இடத்தில் டெல்லித் தமிழ் நர்ஸ்களுக்கு ஒரு சாதகம் உண்டு, அதை அவர்களே பெரும்பாலும் மதிப்பதில்லை. ஹிந்தி தெரியாமல் ரயிலேறி வந்து, நோயாளியின் உறவினரிடமிருந்தே சொல் சொல்லாகக் கற்று, ஓராண்டில் ஹிந்தியில் நோயின் வரலாறு கேட்கும் அளவுக்கு வந்தவர்கள் அவர்கள். நேர்முகத் தேர்வில் "புதிய பண்பாட்டில் எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று கேட்கும்போது இதைத்தான் சொல்ல வேண்டும், தேதியோடும் எடுத்துக்காட்டோடும்.

தேர்வானாலும் உடனே பறக்க முடியாது. ஆட்கள் தொகுப்பில் பெயர் சேரும். பொருத்தமான பணி வரும்வரை காத்திருக்க வேண்டும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, காங்கோ, சாட், நைஜர் போன்ற பல இடங்களில் வேலைமொழி பிரெஞ்சு. ஆகவே பிரெஞ்சு தெரிந்தவரின் காத்திருப்பு குறையும். லோதி எஸ்டேட்டில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸில் பி1 வரை படித்தாலே மருத்துவமனைப் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். முதல் பணி பெரும்பாலும் 9 முதல் 12 மாதம். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் போன்றோருக்குக் குறுகிய காலம். முதல் பணியில் துணையையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியாது. தனியாக நடக்கக் கூடாது, இத்தனை மணிக்கு மேல் வெளியே கூடாது என்ற விதிகள் உண்டு. சக பணியாளர்களோடு ஒரே வளாகத்தில் உண்டு, உறங்கி, வேலை செய்வது சிலருக்குப் பலம், சிலருக்கு மூச்சுமுட்டல். தனிமை இங்கே பிரச்சினை இல்லை. தனியாக இருக்க முடியாமைதான் பிரச்சினை.

யூ.என்.வி.: பெயர் பெரியது, கைப்பிடி சிறியது

ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தால் 1970-இல் உருவான இத்திட்டத்தின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். பன்னாட்டுத் தன்னார்வலர்களில் இளையோர் பிரிவு 18 முதல் 26 வயது வரை. வல்லுநர் பிரிவு 27 வயதுக்கு மேல், சில ஆண்டு அனுபவத்தோடு. மூத்த நிபுணர் பிரிவு 35-க்கு மேல், நீண்ட அனுபவத்தோடு. மாதம் வருவது வாழ்க்கைச் செலவுப் படி. பணியிடத்தின் விலைவாசிக்கேற்ப மாறும். கடினமான பணியிடங்களுக்குக் கூடுதல் தொகை, மருத்துவக் காப்பீடு, மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்பு, போகவர டிக்கெட் உண்டு. பதிவுக்கோ தேர்வுக்கோ கட்டணம் இல்லை. கேட்பவர் மோசடிக்காரர்.

இளையோர் பிரிவில் ஒரு சிக்கல். அந்த இடங்களில் பலவற்றுக்கு ஏதாவது ஒரு நாட்டு அரசு தன் குடிமக்களுக்காகப் பணம் கொடுத்திருக்கும். அறிவிப்பின் நடுவே எந்த நாட்டுக் குடியுரிமை என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் ஐம்பது இடத்துக்கு விண்ணப்பித்து, பதில் வரவில்லை என்று மனம் தளர்கிறவர்கள் உண்டு. 25 வயதில் பன்னாட்டு இடம் கிடைக்காவிட்டால், இந்தியாவிலேயே தேசிய ஐ.நா. தன்னார்வலராக ஓராண்டு பணி செய்வது நல்ல படிக்கட்டு. அந்த ஆண்டில் திட்ட அறிக்கை எழுதுவது, நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவது, ஐ.நா. அலுவலகத்தின் சுருக்கப் பெயர்கள் எல்லாம் பழகிவிடும்.

பயிற்சிதான் இங்கே மெலிந்த பகுதி. பாதுகாப்பு, நன்னடத்தை, பாலியல் சுரண்டல் தடுப்பு ஆகியவற்றில் இணையவழிப் பாடங்களை முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் சில நாள் அறிமுகம். பிறகு நேரே மேசை. அந்த மேசை யூனிசெஃப் அலுவலகத்திலோ அகதிகள் முகமையின் கள அலுவலகத்திலோ இருக்கலாம். உங்களைக் கேட்டு வாங்கிய மேலாளர் அதற்குள் மாற்றலாகிப் போயிருக்கவும் கூடும். அப்போது பணிவிவரத்தில் எழுதியது ஒன்று, செய்யச் சொல்வது வேறொன்றாகிவிடும். சம்மதம் சொல்லும் முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: என் நேரடி மேலாளர் யார், அவர் இன்னும் எவ்வளவு காலம் அங்கே இருப்பார்; எனக்கு முன் இந்த இடத்தில் யார் இருந்தார், அவரோடு பேசலாமா; முதல் 90 நாளில் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன. மூன்றுக்கும் தெளிவான பதில் வரும் அலுவலகம் உங்களுக்காகத் தயாராகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ள, ஆங்கிலத்தில் எழுதத் தயங்காத, தனியாக வேலையை உருவாக்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கு யூ.என்.வி. பொருந்தும். குடும்பத்தோடு இருக்க அனுமதியுள்ள பணியிடங்களும் இதில் உண்டு, எம்.எஸ்.எஃப்.-இன் முதல் பணியில் கிடைக்காத வசதி அது. புதிதாகப் படித்து முடித்தவருக்கு இதைச் சொல்லத் தயங்குகிறோம்.

பணம் கட்டி நான்கு வாரம் ஆப்பிரிக்காவில் அனாதை இல்லத்தில் "தன்னார்வப் பணி" என்று விற்கப்படும் பயணங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. மாதத்துக்கு ஒரு புதிய அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைகளுக்குக் கேடு. அதோடு, சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்வது பல நாடுகளில் சட்டமீறல்.

எந்த வழியானாலும் ஆறு மாதம் முன்பே

தமிழ்ப் பெயர்களில் வரும் சிக்கலிலிருந்து தொடங்குவோம். சான்றிதழில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்", நர்சிங் கவுன்சில் பதிவில் "கவிதா எஸ்." மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், விசா அதிகாரிக்குத் தெரியாது. முதல் எழுத்தை விரித்து எழுதிய பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து, மற்றவை ஒரே ஆளுடையவை என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்பே செய்துவையுங்கள். முடிந்தால் கவுன்சில் பதிவையே திருத்திவிடுங்கள்.

தமிழ்நாட்டில் வாங்கிய பட்டம் உண்மையானது என்பதற்கான முதல் முத்திரை தமிழ்நாட்டு அரசிடமிருந்துதான் வர வேண்டும். டெல்லி அரசின் முத்திரை செல்லாது. ஊரில் இருக்கும் அப்பாவையோ அண்ணனையோ சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று முத்திரை. போகும் நாடு அப்போஸ்டிலுக்கான ஹேக் உடன்பாட்டில் இல்லையென்றால், அமைச்சக முத்திரைக்குப் பின் அந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். ஜெர்மனியோ இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை. 2005-இல் இந்தியா உடன்பாட்டில் சேர்ந்தபோது எதிர்ப்புத் தெரிவித்த நாடு அது. எனவே ஜெர்மனிக்கு அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணத்தை வீணாக்காதீர்கள். காவல்துறைச் சான்றிதழை மட்டும் கடைசியில் வாங்குங்கள். அது பழையதாகிவிட்டால் மறுபடி கேட்பார்கள்.

தடுப்பூசிகளுக்குத் தலைகீழ், முதலிலேயே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, வழக்கமான அட்டவணையில் 0, 1, 6 மாதம். நர்ஸ்களும் ஆன்டிபாடி அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. நாய்க்கடிக்கு முன்கூட்டிய ரேபிஸ் ஊசி 0, 7-ஆம் நாள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அதற்கான சான்று அட்டை செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும். இதை எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். டெல்லியில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை, மந்திர் மார்க் தடுப்பூசி மையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் மட்டும். நாள், நேரம், பதிவு முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள்.

மலேரியாவை நம்மவர்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். சஹாராவுக்குத் தெற்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை; ஓரிரு நாளில் மூளையைத் தாக்கலாம். தடுப்பு மருந்து டாக்சிசைக்ளின் என்றால் தினம் 100 மில்லிகிராம், போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம். ஊர் திரும்பியதும் நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் விழுபவர்களுக்கு அந்தக் கடைசி நான்கு வாரம்தான் விடுபட்டிருக்கும். மருத்துவரிடம் "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

பணத்தில் இரண்டு விஷயம். முதல் மாதப் படி கைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகலாம். ஒரு பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர்வரை கொண்டுபோக அனுமதி உண்டு. பல ஆப்பிரிக்க நாடுகளில் பழைய, மடிந்த, கிறுக்கிய டாலர் நோட்டுகளை வாங்க மாட்டார்கள், புதிய நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாக அணைந்திருக்கும். இங்கேயே செயலியில் திறந்துவிடுங்கள். வங்கியின் ஓடிபி வரும் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க, மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்த எண் போனால், கல்விக் கடன் தவணையிலிருந்து அம்மாவின் மருத்துவக் காப்பீடு வரை எல்லாம் சிக்கிக்கொள்ளும்.

பெட்டியில் இட்லிப் பொடி, புளி, பெருங்காயம் போகலாம். ஜெர்மனிக்கு நெய்யும் பால்கோவாவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருள் கொண்டுவரத் தடை. ஜெர்மனியில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பதிந்த சான்று வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி என்று அடுத்தடுத்த வேலைகளில் கேட்கப்படும், எனவே வேலையிடத்து ஆளை முதல் வாரமே கூட அழைத்துப் போங்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரு ஏற்பாட்டை இங்கிருந்தே செய்துகொள்ளுங்கள்: வாரம் ஒருமுறை, குறித்த நாளில், ஏற்கெனவே அதே வழியில் போய்வந்த ஒருவரோடு அரை மணி நேரம் தமிழில் பேச்சு. அம்மா அப்பாவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வீர்கள். இவரிடம் உண்மையைச் சொல்லலாம். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே குறையைச் சொல்கிறீர்கள் என்று அவர் கவனித்தால், நான்காவது வாரம் அதை ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வேலையிடத்தை மாற்றித் தர பி.எஃப்.டி.யில் வழியுண்டு, மற்ற இரண்டிலும் பணிவிவரத்தையாவது திருத்திக் கேட்க முடியும். ஆனால் எதுவானாலும் குறை எழுத்தில் இருக்க வேண்டும், திரும்பிப் போகிறேன் என்று டிக்கெட் கேட்பதற்கு முன்பே இருக்க வேண்டும்.